ஆயா கொடுத்த அரைப் பவுன்

சீமைக்குப் போய் வந்த ஆயா என்றுதான் தோட்டத்து லயத்து வீடுகளில் என்னைச் சொல்வார்கள். சொல்லும்போதே வாய் ஒரு பக்கமாகக் கோணும். பெருமையாகவும் சொல்வார்கள், குத்தலாகவும் சொல்வார்கள். எப்படிச் சொல்கிறார்கள் என்பது அன்றைக்குத் தண்ணீர் விழும் பீலியில் யார் குடத்துக்கு முந்தி என் குடத்தை வைத்தேன் என்பதைப் பொறுத்தது. சீமையைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. குளிர், கரிப்புகை, ஏறி இறங்க மாடிப்படி. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் திரும்பி வந்த கப்பலில் ஒரு பட்லருக்கு நான் கொடுத்த அரைப் பவுனைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் மூச்சு வாங்குகிறது. கோபத்தால்தான். வயசால் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், பண்டாரவளைக்கும் எல்லவுக்கும் நடுவில். உலகத்துப் பெரிய சண்டைக்கு முந்தின காலம் அது. ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைக்குப் போகிற துரைமார் அங்கே இறங்கிக் குதிரை வண்டியில் போவார்கள், நாங்கள் நடப்போம். என் புருஷன் வயிற்றுக் கடுப்பில் செத்துப்போனபிறகு நான் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். துரைசாணி மூத்த பிள்ளையைப் பெற்றபோது கைச்சுத்தமானவள் ஒருத்தி வேண்டும் என்று தேடி, என்னைப் பங்களாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மழையும் அட்டைக்கடியும் எனக்கு அத்தோடு போயின. என் மகள் மட்டும் லயத்தில் என் தங்கையோடு இருந்தாள்.

துரையையும் துரைசாணியையும் நேரில் பார்த்தபோதெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் பேசினேன். இதை எழுதும்போது போடமாட்டேன். போட்டது போதும்.

துரைக்கு நீண்ட லீவு வந்தது. குடும்பத்தோடு சீமைக்குப் போகவேண்டும். இரண்டாவது பிள்ளை கைக்குழந்தை. ஒருநாள் காலையில் துரை என்னைப் பங்களா முகப்பில் இருக்கிற இஸ்தோப்புக்குக் கூப்பிட்டான். ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணியும் அங்கே நின்றான்.

"ஆயா, நீ எங்ககூடக் கப்பல்ல வரணும். புள்ளைகளைப் பாத்துக்கணும். திரும்பி வந்தா உனக்கு என்னா வேணும்? சொல்லு."

கேட்டவுடனே சொல்ல என்னிடம் பதில் தயாராக இருந்தது. தேயிலைச் செடியின் தலைக்குக் கை எட்டிவிட்டால் பிள்ளையின் பெயரைச் செக்ரோல் என்கிற கூலிப் பேரேட்டில் ஏற்றிவிடுவார்கள். அத்தோடு கூடை, அத்தோடு மலை, அத்தோடு ஆயுசு. என் மகளுக்குக் கை எட்டப்போகிற சமயம். கணக்கப்பிள்ளை அவளை ஏற இறங்க அளந்து பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"எம் மவ பேரு செக்ரோல்ல ஏற வேண்டாங்க. பதுளையில மிசன் பள்ளிக்கூடத்துல தங்கிப் படிக்கணுங்க. தொரை ஒரு வார்த்த சொன்னாப் போதுங்க."

துரை சிரித்தான். சம்பளம் கூடக் கேட்பேன் என்று நினைத்திருப்பான். "சரி. வந்ததும் அனுப்பலாம்" என்றான். கங்காணியைப் பார்த்து, "கேட்டுக்க" என்றும் சொன்னான். தோட்டத்துப் பிள்ளையைத் துரையின் சொல் இல்லாமல் எந்தப் பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளாது. அந்தச் சொல்லுக்காகத்தான் நான் கப்பல் ஏறினேன். கடல் பார்க்க ஆசைப்பட்டுப் போனாள் என்று லயத்தில் பேசியவர்கள் வாயில் மண்.

அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. வேதக்கோயிலில் ஒரு உபதேசியார் அம்மா பாவம் பார்த்துக் கிழட்டு வயதில் கற்றுக்கொடுத்ததுதான் இது. எழுத்துத் தெரிந்தவளைக் கொழுந்து எடுக்க அனுப்பமாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

போன கப்பலைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கதை திரும்பி வந்த கப்பலில்தான். துரையும் துரைசாணியும் ஓர் அறை. பிள்ளைகள் அடுத்த அறை. நான் பிள்ளைகளின் அறையில் தரையில். கப்பலில் ஆயாமாருக்குக் கொடுத்தது மாட்டுக்கறிக் குழம்பும் ரொட்டியும். எனக்கு அது இறங்காது. பிள்ளைகள் மிச்சம் வைத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் வரிசை அறைகளைப் பார்த்துக்கொண்ட கப்பல் பட்லர் நாகப்பட்டினத்துக்காரர். நரைத்த மனிதர். மற்றவர்களோடெல்லாம் இங்கிலீசு பேசுவார். நான் பிள்ளையைத் தாலாட்டுவதைக் கேட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"மதுரைப் பக்கமா தங்கச்சி?"

"எங்கம்மா அந்தப் பக்கங்க. நான் பொறந்தது மலையிலதான்."

"சாப்பிட்டியளா?"

ஏறினதிலிருந்து அந்தக் கப்பலில் என்னை யாரும் அதைக் கேட்கவில்லை. கையிலிருந்த பிஸ்கட் துண்டைக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கலாசிகளுக்குச் சமைக்கிறவனிடம் சொல்லி, ஒரு கிண்ணத்தில் சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடிக் கொண்டுவந்தார். அன்றையிலிருந்து தினமும் கொண்டுவந்தார். அந்தக் குழம்பில் உறைப்பு அதிகம், புளி பத்தாது. ஆனாலும் நான் அழுதுகொண்டேதான் முதல் நாள் தின்றேன்.

ஏடன் தாண்டியதும் கடல் கெட்டுப்போனது. மழைக்காற்றுக் காலம். எங்களுக்கு அடுத்த அறையில் மதராஸ் போகிற ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருந்தாள். கையில் பச்சைக் குழந்தை. பிள்ளை பார்க்கிறவள் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்றுவிட்டாளாம், தனியாக வந்தாள். கப்பல் ஆடத் தொடங்கியதும் அவள் படுத்தவள்தான். தண்ணீர் கூடத் தங்கவில்லை. பால் வற்றிப்போய்க் குழந்தை கத்தியது. துரைசாணி என்னைக் கூப்பிட்டு, "ஆயா, நீ போய்ப் பாரு" என்றாள். பிறகு மேல்தட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் ஆயாவை இரவல் கொடுத்த கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாளாம். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே.

நானும் பட்லரும்தான் பார்த்தோம். அவர் வெந்நீர் சுமந்தார். வாளி எடுத்துக் கொட்டினார். பார்லித் தண்ணீர் காய்ச்சிக்கொண்டு வந்து, கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அவர் மறுபக்கம் சாய்ந்து கிண்ணத்தைச் சிந்தாமல் பிடித்துக்கொள்வார்; நான் கரண்டியால் ஊற்றுவேன். குழந்தையை ஒரு தோளிலும் தாயின் தலையை மடியிலும் வைத்துக்கொண்டு நான் தூங்கியிருக்கிறேன். அந்த அம்மாள் பிழைப்பாள் என்று கப்பல் டாக்டருக்கே நிச்சயமில்லை. அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

கடல் அடங்கியது. அவளும் எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, என் உள்ளங்கையில் இரண்டு அரைப் பவுன்களை வைத்து விரல்களை மூடினாள். "உனக்கு" என்றாள். பட்லருக்கு ஒன்றும் இல்லை. அவர் கப்பல் ஆள். கடைசி நாளில் எல்லோரும் கொடுப்பதுபோல் ஏதாவது கொடுத்தால் போதும் என்று இருந்திருப்பாள்.

இங்கே லயத்து வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்களில் பிள்ளைப்பேற்றுக்கோ காய்ச்சலுக்கோ இரண்டு பேர் கூட இருந்து பார்த்தால், அந்த வீட்டில் எது கிடைத்தாலும் இரண்டு பேருக்கும் சமம். யார் கையில் கொடுத்தார்கள் என்பது பேச்சில்லை. அந்த வீட்டு வாசல்படியைத் தாண்டுவதற்கு முந்தி, நாலு பேர் பார்க்க, 'இந்தா உன் பங்கு' என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். பிரிக்காமல் எடுத்துக்கொண்டு வந்தால் அந்த நோவு கூடவே வீட்டுக்கு வரும் என்பார்கள். அரிசியோ, துணியோ, கோழியோ எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கோழியை எப்படிப் பிரிப்பீர்கள் என்று துரைசாணி ஒருமுறை கேட்டாள். சமைத்துத்தான்.

ஆகவே அந்த இரண்டு அரைப் பவுனில் ஒன்று அவருடையது. அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அன்றைக்கே கொடுக்கப்போனேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இப்ப வேணாம் தங்கச்சி. கப்பல் கொழும்பு புடிக்கிறதுக்கு முந்தின நாள் சாயந்தரம்தான் நாங்க கை நீட்டுறது. அதுக்கு முந்தி வாங்கினா மத்தவன் ஏசுவான். நீங்களே வச்சுக்கிட்டாலும் எனக்கு ஒண்ணுமில்ல."

"ஒங்க பங்கை நான் வச்சுக்கிட்டு எங்கண்ணே போறது?" என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த முந்தின நாள் சாயந்தரத்துக்கு வெள்ளைக்காரர்கள் படும் பாட்டை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கொழும்பு நெருங்க நெருங்க, மேல்தட்டு நாற்காலிகளில் அம்மாமார் தலையோடு தலை வைத்துக் குசுகுசுத்தார்கள். மேசை ஆளுக்கு எவ்வளவு, அறை ஆளுக்கு எவ்வளவு, குளிக்கிற தொட்டி கழுவுகிறவனுக்கு எவ்வளவு. நீ என்ன கொடுக்கிறாய், போன தடவை அவள் என்ன கொடுத்தாள். குறைந்தால் மானம் போகும், கூடினால் காசு போகும். புகைக்கிற சுங்கானும் கையுமாகத் திரியும் ஒரு பெரிய மனிதர், மேசை ஆளின் கண்ணில் படாமல் இருக்கக் கடைசியில் சாப்பிடவே பிந்தி வந்தார். பயணம் முழுக்க அந்த ஆளை நாய் மாதிரி விரட்டியவர். எங்கள் துரைசாணி எல்லோரிடமும் விசாரித்து, எல்லோரிலும் குறைந்ததை எடுத்துக்கொண்டாள். வெள்ளிக் காசுகளைத் தாளில் மடித்து வைத்தாள். மடிக்கும்போது முகத்தில் ஒரு தர்மப் பிரபுவின் களை.

அந்தச் சாயந்தரம் வந்தது. பட்லர்மார் ஏதோ தற்செயலாக நிற்பதுபோல நடைவழியில் ஆங்காங்கே நின்றார்கள். பயணிகள் ஏதோ தற்செயலாகப் போவதுபோலப் போனார்கள். கையும் கையும் உரசும், தாள் மறையும். யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள். எனக்கு அது கள்ளச் சாமான் கைமாற்றுவதுபோல இருந்தது. உழைத்த கூலியை ஏன் ஒளித்துக் கொடுக்கவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

துரைசாணி எங்கள் பட்லரின் கையில் தன் தாள் மடிப்பை வைத்தாள். அவர் குனிந்து நன்றி சொன்னார். அவள் பின்னால் நான் நின்றேன். வெற்றிலை இல்லை. வெறுங்கையில் தங்கத்தைக் கொடுக்க மனசு வரவில்லை. பிள்ளைகளின் தேத்தண்ணீர்ச் சாசர் ஒன்றைக் கழுவித் துடைத்து, அதில் அரைப் பவுனை வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு முன்னால் போனேன். நாலு பேர் பார்க்கவேண்டும் என்பதுதானே வழக்கம்? அங்கே நாற்பது பேர் இருந்தார்கள்.

"இந்தாங்கண்ணே, ஒங்க பங்கு" என்றேன். மலையில் கூப்பிட்டுப் பழகின குரல் எனக்கு.

அவர் கண்ணால் வேண்டாம் என்றார். தலையையும் லேசாக ஆட்டினார். வெட்கப்படுகிறார் என்று நினைத்து நான் சாசரை இன்னும் உயர்த்தினேன். வேறு வழியில்லாமல் இரண்டு கையாலும் எடுத்து, கண்ணில் ஒற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆனால் அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். வெள்ளைச் சாசரில் மஞ்சள் காசு மறைகிற பொருளா?

முதலில் சிரித்தது அந்தச் சுங்கான் மனிதர்தான். "அடேயப்பா, ஆயா தங்கம் கொடுக்கிறாள்! மேடம், நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?" என்று இங்கிலீசில் சத்தமாகக் கேட்டார். பங்களாவில் இருந்தவளுக்கு அவ்வளவு இங்கிலீசு விளங்கும். நடைவழி முழுக்கச் சிரித்தது. துரைசாணியின் கழுத்து சிவந்து காது வரைக்கும் ஏறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

மதராஸ் அம்மாள் தன் அறை வாசலில் குழந்தையோடு நின்றாள். 'நான்தான் கொடுத்தேன், என்னைச் சாவிலிருந்து எடுத்ததற்குக் கொடுத்தேன்' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் அவளையே பார்த்தேன். இன்னொருத்தியின் ஆயாவுக்கு அவளைக் கேட்காமல் காசு கொடுப்பது அவர்களுக்குள் மரியாதைக் குறைவாம். அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். மெதுவாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசைகளில் வேறு பேச்சு இல்லையாம். மறுநாள் கொழும்பில் படகில் இறங்கும்போதும் ஒருத்தி துரைசாணியிடம், "வண்டிக்குக் காசு வேண்டுமானால் உன் ஆயாவிடம் கைமாற்று வாங்கிக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

துரைசாணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். காசு எங்கே கிடைத்தது என்று கேட்டாள், சொன்னேன். ஏன் கொடுத்தாய் என்று கேட்டாள், பங்கு என்றேன். நம்பினாள். அதுதான் பொல்லாதது. களவு எடுத்தேன் என்று சந்தேகப்பட்டிருந்தால் விசாரித்துத் தெளிந்திருப்பாள். ரயிலில் ஏறினபிறகு துரையிடம் தாழ்ந்த குரலில் ஒரு வாக்கியம் மட்டும் சொன்னாள்: "என்னைவிட அதிகம்." நான் பிள்ளைக்கு ஜன்னல் வழியே மலையைக் காட்டிக்கொண்டு வந்தேன். என் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது என்ன சீலைத்துண்டில் பாவாடை தைப்பது என்பதுதான் எனக்கு அப்போது யோசனை.

லயத்துக்குப் போய் மகளைப் பார்த்தேன். ஒரு சாண் வளர்ந்திருந்தாள். "அம்மா, எப்ப பதுளைக்குப் போறது?" என்றுதான் கேட்டாள். சீமை எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

சில நாள் பொறுத்துத் துரையிடம் போனேன். இஸ்தோப்பில் துரை இருந்தான். பெரிய கங்காணியும் இருந்தான். ஜன்னலுக்கு உள்பக்கம் துரைசாணி உட்கார்ந்து உல்லன் நூல் பின்னிக்கொண்டிருந்தாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். பூசாரி அங்கேதான் இருந்தாள்.

"தொரைங்களே, எம் மவ விசயங்க..."

"ஆயா, உங்கிட்ட தங்கம் இருக்கு. பட்லருக்கே தங்கம் குடுக்கற. பள்ளிக்கூடத்துக்குக் குடுக்க மாட்டியா? எங்கிட்ட ஏன் வர்ற?" என்றான் துரை.

"அது இனாம் இல்லீங்க. பங்குங்க. அவரும் சேந்து பாத்த வேலைங்க."

"பங்கு? அவன் என்னா உன் புருசனா?"

துரை முடிப்பதற்கு முந்தியே கங்காணி சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் என் மகளின் பள்ளிக்கூடம் அந்த மனிதன் வாயில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"காசு வேண்டாங்க. நானே கட்டிக்கிறேன். தொரை ஒரு வார்த்த குடுத்தீங்க..."

"அது ஏழைக்குக் குடுத்த வார்த்தை. நீ இப்ப ஏழை இல்லே."

உள்ளே ஊசிகள் டிக் டிக்கென்று ஒன்றையொன்று தட்டிக்கொண்டிருந்தன. ஒரு பின்னல் கூடத் தவறவில்லை.

படி இறங்கும்போது கங்காணி பின்னாலேயே வந்தான். "அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில கொட புடிப்பானாம். ஒனக்கு எதுக்கு இதெல்லாம்? திங்கக்கெழம பெரட்டுக்கு மவளக் கூட்டிட்டு வந்துரு" என்றான். காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு என் மகளை நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. என் தங்கைதான் கூட்டிக்கொண்டு போனாள்.

அதற்கு முந்தி ஒரு முயற்சி செய்தேன். என் பங்கு அரைப் பவுனை முந்தானையில் முடிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே நடந்து பதுளைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட அம்மாள் நல்லவள். உட்காரச் சொல்லித் தேத்தண்ணீர் கொடுத்தாள். தங்கத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"துரை சொல்லவேணும் அம்மா. தோட்டத்துப் பிள்ளையைத் துரைக்குத் தெரியாமல் எடுத்தால் அவர் வந்து கேட்பார். அப்புறம் மற்றத் தோட்டத்துப் பிள்ளைகளையும் அனுப்பமாட்டார்கள்."

அவள் சொன்னது நியாயம்தான். எல்லோரிடமும் அன்றைக்கு நியாயம் இருந்தது. பள்ளிக்கூட முற்றத்தில் என் மகள் உயரத்தில் பெண்பிள்ளைகள் இரட்டைப் பின்னல் போட்டு வரிசையாக வேதக்கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் வாசலைப் பார்த்து நடந்தேன்.

கடைவீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை. அந்தக் காசைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக எனக்கு மனம் இல்லை. நானா அதைக் கல்லில் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டு, "என்ன வேணும் புள்ள?" என்றார்.

"மலையில மழைக்குப் போத்துற கம்பளி."

"ஆருக்கு?"

"மவளுக்கு."

எத்தனை உயரம் என்று கையால் காட்டினேன். அந்த உயரத்துக்கு ஏற்ற சின்னக் கம்பளியை எடுத்துப் போட்டார். வேண்டாம், பெரியது என்றேன். "இது அவளுக்குக் காலைத் தட்டுமே" என்றார். "வளருவா. அங்கதான இருக்கப்போறா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மடித்துக் கட்டிக் கொடுத்தார்.

என்னைப் பங்களாவை விட்டு அனுப்பவில்லை. கோபம் வேறு, சௌகரியம் வேறு. என் கை இல்லாமல் சின்னப் பிள்ளை சாப்பிடாது. பிள்ளைகளின் அறை ஜன்னலுக்கு நேரே கீழே மலை. மழை பெய்கிற நாட்களில் அந்த ஜன்னல் ஓரம் நின்று மூத்தவள் சின்னத் துரைசாணிக்குத் தலை சீவி விடுவேன். கீழே தேயிலை நிரையில் எல்லாத் தலையும் கம்பளிக்குள் ஒரே மாதிரி இருக்கும். எது என் மகள் என்று தேடித் தேடிக் கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்து என்ன செய்ய?

ஒருநாள் என் தங்கை மனசு பொறுக்காமல் கேட்டாள். "ஒனக்கு எதுக்குக்கா அந்தப் பெரிய மனுசித்தனம்? ரெண்டையும் முடிஞ்சுக்கிட்டு வந்திருக்கலாமில்ல? அந்த ஆளு கேக்கக்கூட இல்லேங்கற."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சட்டியைத் தரையில் அடித்தேன். "அந்த மனுசன் பங்கைத் தின்னுட்டு வந்தா எம் மவ படிச்சிருப்பாளாடி?"

"படிச்சிருப்பா" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சோறு வெந்துவிட்டதா என்றால் வெந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். நான் உடைந்த ஓட்டைப் பொறுக்கினேன். நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். யார் கழுத்தில் கத்தி வைத்துக் கேட்டாலும் சொல்லமாட்டேன். எனக்குச் சோறு போட்ட மனிதர் அவர். ஆனால் தங்கை சொன்னதும் பொய் இல்லை. இந்த இரண்டையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் இருந்திருக்கிறேன்.

வெள்ளைக்காரப் புது வருசம் வந்தது. அன்றைக்குத் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் பங்களாவுக்கு வந்து துரைக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துச் சலாம் போடவேண்டும். தப்பு மேளத்தோடு பெரிய கங்காணி முன்னால் வருவான், மாலை போடுவான். பிறகு ஆளுக்கொரு செப்புக் காசு துரைசாணி கையால் கிடைக்கும். அதற்குச் சந்தோசம் என்று பெயர்.

ஒரு தட்டில் காசுகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். நான் அதை ஏந்திக்கொண்டு துரைசாணிக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். வருசா வருசம் அதுதான் என் வேலை. அன்றைக்கு ஆம்பிளை ஆட்கள் வரிசை முடிந்தது. கொழுந்து எடுக்கிற பெண்கள் வரிசை தொடங்கியது. துரைசாணி கையைத் துவாலையில் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீயே குடு ஆயா. குடுக்கிறதுல நீதான் கெட்டிக்காரி" என்றாள். தமிழில்தான் சொன்னாள், எல்லோருக்கும் விளங்கட்டும் என்று. துரையோடு வந்திருந்த விருந்தாளிகளுக்கு அதை இங்கிலீசிலும் சொல்லி, கப்பல் கதையையும் சொன்னாள். இப்போது அது அவளுக்குச் சிரிக்கக்கூடிய கதையாகிவிட்டது.

நான் கொடுத்தேன். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பழத்தைக் கூடையில் போட்டு, குனிந்து, இரண்டு கையையும் நீட்டி, "சலாமுங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள். என்னோடு மலையில் வேலை செய்தவர்கள் சிலர் எனக்குச் சலாம் போட வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

வரிசையின் கடைசியில் பிள்ளைகள். கம்பளி காலைத் தட்டத் தட்ட என் மகள் வந்தாள். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை பிடித்துக் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அம்மா என்பாள் என்று நினைத்தேன். தட்டைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயந்து இறுக்கிப் பிடித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முன்னால் போனவள் எப்படிச் செய்தாளோ அப்படியே பழத்தைப் போட்டாள். அப்படியே குனிந்தாள். இரண்டு கையையும் சேர்த்து என்னிடம் நீட்டினாள்.

"சலாமுங்க" என்றாள்.

நான் காசை வைத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தாள். அடுத்த பிள்ளை கை நீட்டியது.